இரண்டு விரல் அகலக் கட்டம்

எனக்கு வந்த நோய் கழுத்தில். அதே நாட்களில் வயிற்றிலும் ஒன்று வந்தது, அதற்குப் பெயர் வயிற்றெரிச்சல். கழுத்துக்கு மாத்திரை கிடைத்தது. வயிற்றைப் பற்றி நான் எந்த டாக்டரிடமும் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களை எழுதி வையும், நாலு பேருக்கு உதவும் என்று பார்க்க வந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். எழுதுவதென்றால் இரண்டையும் சேர்த்துத்தான் என்னால் எழுத முடியும்.

நான் நோயாளியாகப் படுத்த ஆஸ்பத்திரியில்தான் பதினான்கு வருஷம் ரைட்டராக இருந்தேன். மிஷன் ஆஸ்பத்திரி. வருகிறவரின் பெயர், வயது, வீடு, டாக்டர் சொன்ன நோய், வந்த தேதி, போன தேதி எல்லாவற்றையும் பெரிய பதிவேட்டில் எழுதுவது என் வேலை. பதிவேட்டுக்குக் கோடு போடுவதும் நான்தான். வருஷப் பிறப்புக்கு முந்தின வாரம் ரூல் தடியும் சிவப்பு மையுமாக உட்கார்ந்தேன் என்றால் வேறு யாரும் அந்த அறைக்குள் வரக் கூடாது.

எங்கள் நாஞ்சில் நாட்டில் வராந்தாவில் நின்று 'ஆறுமுகம் பிள்ளை' என்று கூப்பிட்டால் நாலு பேர் எழுந்திருப்பார்கள். ஊர்ப் பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டாலும் இரண்டு பேர் மிஞ்சுவார்கள். அதனால் நான் விலாசத்துக்கு அகலமான கட்டம் போட்டேன். 'சுசீந்திரம் போகும் வழி, குளத்தங்கரைப் புளியமரத்துக்கு எதிர்ச் சந்து, மூன்றாம் வீடு, கிணறு வாசலில், மூத்த மருமகள்' என்று எழுதுவேன். கல்யாணப் பத்திரிகை கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறீரா என்று டாக்டர்மார் கேலி செய்வார்கள். தாளின் அகலம் ஒரே அகலம்தானே? விலாசம் விரிந்தால் வேறு ஏதாவது ஒடுங்க வேண்டும். நோய்க்கான கட்டம் இரண்டு விரல் அகலம் ஆயிற்று. டாக்டர் தன் குறிப்பில் ஐந்து வரி எழுதியிருந்தாலும் அந்தக் கட்டத்தில் ஒரு சொல்தான் கொள்ளும். காய்ச்சல். சோகை. கழலை. ஒரு சொல்லில் அடக்குவது பெரிய சாமர்த்தியம் என்று எனக்கு நினைப்பு.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் ஆகியிருக்கும். நாங்கள் அப்போதும் திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்ஜியத்துக்காரர்கள். சித்திரை வெயிலில் எனக்குக் குளிர ஆரம்பித்தது. எல்லோரும் விசிறியைத் தேடும்போது நான் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சட்டையின் கழுத்துப் பொத்தானைப் பூட்ட முடியவில்லை. குரல் கரகரத்தது. எல்லாவற்றையும்விட, கை மந்தமாயிற்று. ஒரு பெயரை எழுதி முடிப்பதற்குள் சன்னலுக்கு வெளியே வரிசை வளர்ந்துவிடும்.

என் மனைவி காந்திமதிதான் முதலில் கண்டுபிடித்தாள். "கேட்டேளா, நீங்க தண்ணி குடிக்கும்போ கழுத்துல ஒரு உருண்டை ஏறி எறங்குது. கண்ணாடியில பாருங்கோ."

"வயசாச்சுல்லா, சதை போட்டிருக்கும்."

"சதை போட்டா மொகத்துல தெரியாதா? சவம், ஆஸ்பத்திரியிலயே உக்காந்துகிட்டு இதச் சொல்லுக ஆளப் பாரு."

பெரிய டாக்டர் பின்னால் நின்று இரண்டு கைகளாலும் என் கழுத்தைத் தடவிப் பார்த்தார். "கழலைதான் ரைட்டர். மூச்சுக்குழலை அழுத்த ஆரம்பிக்கும் முன்னால எடுத்திடலாம்" என்றார். அவர் கத்தியில் கைராசிக்காரர். பத்மநாபபுரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்துகூட மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். ரத்தம் குறைவாக இருந்ததால் இரண்டு வாரம் தேற்றிவிட்டு அறுவை என்று முடிவாயிற்று. ஆண்கள் வார்டில் சன்னலோரக் கட்டில் கிடைத்தது. முற்றத்துக்கு அப்பால் நேர் எதிரே என் அறையின் சன்னல். என் நாற்காலி. அதில் மறுநாள் காலை ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள்.

எஸ்தர், குழித்துறைக்காரி. முப்பத்தைந்து வயது இருக்கும், கணவர் இல்லை. திருவனந்தபுரத்தில் ஒரு வருஷம் ஆஸ்பத்திரிப் பதிவு வேலை படித்துவிட்டு வந்தவள். நான் எழுந்து வரும்வரை தற்காலிகம் என்றுதான் போட்டார்கள். வந்த அன்றே மைக்கூட்டை இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாற்றினாள். இங்கே என் கட்டிலில் நாடி பார்க்க வந்த நர்ஸ், நேற்று வரை ஐம்பத்தைந்தைத் தாண்டாத நாடி இன்று எழுபது என்று ஆச்சரியப்பட்டாள்.

ரத்தம் எடுத்தார்கள், நீர் எடுத்தார்கள், கழுத்தை எக்ஸ்-ரே எடுத்தார்கள். எக்ஸ்-ரே அறைக்கு வெளியே பெஞ்சில் என் முறைக்காகக் காத்திருந்தபோதுதான் தெரிந்தது, பதினான்கு வருஷமாக அந்த பெஞ்சில் இருந்தவர்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று. கதவைத்தான். அது திறக்காதா என்றும் இருக்கும், திறந்துவிடுமோ என்றும் இருக்கும். பயமாக இருந்தது. தொண்டையை அறுத்தால் குரல் போய்விடும் என்று யாரோ எப்போதோ சொன்னது அந்த நேரம் பார்த்து ஞாபகம் வந்தது.

பக்கத்துக் கட்டிலில் கோட்டாற்று ஜவுளி வியாபாரி ஒருவர், குடலிறக்கம். அவர் என் பயத்தைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு, "வேய், ஒம்ம எடத்துல இருக்குத அந்த அம்மா சீட்டு எழுதுத வேகத்தப் பாத்தீரா? முன்னெல்லாம் நாங்க வந்தா காலு கடுத்துப் போவும். இப்பம் வந்ததும் தெரியல்ல, போனதும் தெரியல்ல" என்றார். அவருக்குச் சீக்கிரம் குணமாக வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்ததை மறைப்பானேன்?

காந்திமதியும் சேர்ந்துகொண்டாள். அவள் தினமும் சிறுபயறு போட்ட கஞ்சியும் துவையலும் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவருவாள். ஆஸ்பத்திரிச் சமையலில் மீனும் வேகும் என்பதால் அதை நான் தொடுவதில்லை. கஞ்சி ஆறாமலிருக்கப் பாத்திரத்தைத் துணியில் சுற்றி, மடியில் வைத்து, பஸ்ஸில் வருவாள். என் பாதம் சில்லிட்டிருப்பதைப் பார்த்துவிட்டு, மகனுடைய கால்பந்துக் காலுறையைக் கொண்டுவந்து மாட்டிவிட்டவளும் அவள்தான். அப்படிப்பட்டவள் ஒருநாள், "பாவம், அந்த எஸ்தர் நல்ல பொம்பள. உள்ள போய்க் கஞ்சியச் சூடாக்கிக்கிடுங்கோன்னு எனக்கு ஸ்டவ் பத்த வச்சுக் குடுத்தா" என்றாள். அன்று கஞ்சி எனக்கு இறங்கவில்லை.

அடுத்த வாரம் எஸ்தரே என் கட்டிலுக்கு வந்தாள். கையில் என் பழைய பதிவேடு ஒன்று, தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்று.

"சார், சோர்வும் சீணமும் கொறஞ்சிருக்கா? ஒரு சந்தேகம் கேக்கணும். கழுத்து வீங்கி வந்தவங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி 'கழலை'ன்னு எழுதியிருக்கியளே?"

"கழலையைக் கழலைன்னு எழுதாம கத்திரிக்காய்னா எழுதுவாங்க?"

அவள் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. புத்தகத்தைத் திறந்து காட்டினாள். உலகம் முழுவதும் ஒரே மாதிரி எழுத வேண்டும் என்று ஒவ்வொரு நோய்க்கும் ஒரு எண் கொடுத்திருந்தார்கள். சாதாரணக் கழலைக்கு 250. கட்டி கட்டியாக வருவதற்கு 251. உடம்பைப் படபடக்க வைப்பதற்கு 252. சுரப்பி செயலற்றுப் போய் முகம் ஊதி, அறிவும் உடம்பும் மந்தமாவதற்கு 253. இவை ஒன்றிலும் சேராத மற்றவற்றுக்கு 254. சுரப்பி நாள்பட்ட அழற்சியால் வீங்குவது அதில்தான் வரும்.

"பழைய கேஸ் எல்லாத்தையும் இப்பிடிப் பிரிக்கணும்னு ஆபீஸ்ல சொல்லியிருக்கு. ஒங்களுக்க ரெஜிஸ்டர வச்சுப் பிரிக்க முடியல்ல, சார். அதான் டாக்டர்மாருக்க குறிப்புகளத் தேடி எடுத்து, ஒவ்வொரு தடவ வந்ததுக்கும் ஒரு அட்டை எழுதுறேன்."

என் பதிவேட்டை வைத்துப் பிரிக்க முடியவில்லையாம். சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். இவள் தப்பு செய்திருப்பாள், செய்யாமல் இருக்க முடியாது, அதைப் பிடித்துக்கொண்டு இவளை வந்த வழியே அனுப்ப வேண்டும் என்று முடிவு செய்தேன். "அந்த அட்டைகளைக் கொண்டாங்க, நான் சரிபார்த்துத் தாறேன்" என்றேன். அவள் சந்தோஷமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அது ஒரு செவ்வாய்க்கிழமை. எனக்கு அறுவை வியாழக்கிழமை.

பகல் முழுவதும் படித்தேன். எழுத்துப்பிழைகூட இல்லை. கையெழுத்து என்னுடையதைவிட நேராக இருந்தது. அட்டைக் கட்டின் அடியில் நான்கு ஜோடி அட்டைகளை நூலால் சேர்த்துக் கட்டியிருந்தாள். நான்கும் பெண்கள். ஒவ்வொருத்தியும் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறாள். முதல் தடவை: கழுத்து முழுவதும் ஒரே சீராக, ரப்பர் போலக் கெட்டியான வீக்கம், குளிர், சோர்வு, குரல் கரகரப்பு, மெதுவான நாடி. அறுவை நடந்திருக்கிறது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து மறுபடி: முகம் ஊதி, பேச்சு இழுத்து, யார் எது கேட்டாலும் விழித்துக்கொண்டு. இந்த இரண்டாவது வரவை நான் வேறு நோயாக, வேறு வருஷத்துப் பதிவேட்டில், ஒற்றைச் சொல்லில் எழுதியிருந்தேன். சோகை. நீர்வீக்கம். மந்தம். மந்தம்.

குளிர், சோர்வு, கரகரப்பு, நாடி. விரல்விட்டு எண்ணினேன். நான்கும் எனக்கு இருந்தன. கழுத்தைத் தொட்டேன். ரப்பர்தான்.

கடைசி ஜோடியில் செல்லம்மை என்று இருந்தது. எங்கள் ஊர்க்காரி. நடவு வயலில் அவள் வாய்க்குப் பயந்து வரப்பில் நடக்க மாட்டோம், அவ்வளவு சுருக்கானவள். அறுவைக்குப் பிறகு அடுப்பில் அரிசியை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிடுகிறாள் என்று கொண்டுவந்தார்கள். 'மந்தம்' என்று எழுதியது நான். அவள் புருஷன் அந்தச் சொல்லை ஊர் முழுவதும் சொல்லி, வேறொருத்தியைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டான். செல்லம்மை பின்கட்டில் கிடக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

சாயங்காலம் எஸ்தர் வந்தபோது கேட்டேன். "இதை டாக்டர்ட்ட காட்டினியளா?"

"மேசையில வச்சேன். பாக்கல்ல. நான் வந்து பத்து நாளுதானே ஆச்சு, டாக்டருக்க அறுவையப் பத்தி நான் என்ன பறைய முடியும்? நீங்க சொன்னா கேப்பாரு, சார்."

உண்மைதான். நான் சொன்னால் கேட்பார். ஆனால் கேட்ட பிறகு என்ன நடக்கும்? என் பதிவேடு உதவாது, இவள் அட்டைதான் உதவும் என்று நானே என் வாயால் சொன்னதாகும். அந்த நாற்காலி அப்புறம் எனக்கு ஏது? அட்டைகளைத் தலையணைக்கு அடியில் வைத்துப் படுத்துக்கொண்டேன். இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. கழுத்தை அறுத்துக்கொள்வதா, அவளை உயர்த்துவதா என்று ஒரு முழு ராத்திரி எனக்குச் சந்தேகமாக இருந்தது.

புதன்கிழமை காலை படுக்கை விரிப்பை உதறும்போது காந்திமதி கையில் கட்டு அகப்பட்டது. அவள் விடுவாளா? தோண்டித் துருவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

"மேசை பெருசா, கழுத்து பெருசா?"

மேசைதான் என்று வாய்வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்து விழுங்கினேன்.

"இன்னா, டாக்டரு வாராரு. நீங்க குடுக்கேளா, நான் குடுக்கட்டுமா?"

கொடுத்தேன். டாக்டர் நின்றபடியே படித்தார். பிறகு கட்டில் விளிம்பில் உட்கார்ந்து முதலிலிருந்து படித்தார். மறுபடி என் கழுத்தைத் தடவினார். என்னை நாற்காலியில் மண்டிபோட வைத்து, குதிகால் நரம்பைச் சிறு சுத்தியலால் தட்டினார். பாதம் துள்ளியது, ஆனால் திரும்பி வருவதற்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டது. தூக்கக்கலக்கத்தில் இருக்கும் ஆள் கதவைத் திறப்பது போல இருந்தது. இப்படி மெதுவாகத் திரும்பினால் சுரப்பி ஏற்கனவே தளர்ந்துவிட்டது என்று அர்த்தமாம்.

"நாளைக்கு அறுவை வேண்டாம்" என்றார். அப்புறம், "இதை யார் சேர்த்தது?" என்று கேட்டார்.

ஒரு சொல் போதும். எஸ்தர் என்று சொல்லியிருக்கலாம். "நம்ம ஆபீஸ்லதான் டாக்டர்" என்றேன். அவர் என் தோளைத் தட்டி, "பிரமாதம், ரைட்டர்" என்றார். பக்கத்துக் கட்டில் ஜவுளிக்காரரும் தலையை ஆட்டினார். காந்திமதி என்னைப் பார்க்காமல் கஞ்சிப் பாத்திரத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

மரத்துப்போக ஊசி போட்டுக் கழுத்திலிருந்து கடுகளவு சதை எடுத்து, திருவனந்தபுரத்துக்குப் பூதக்கண்ணாடியில் பார்க்க அனுப்பினார்கள். பதில் வர நாளாயிற்று. டாக்டர் விளக்கியதை எனக்குப் புரிந்தபடி சொல்கிறேன். குரல்வளைக்குக் கீழே இருக்கும் தைராய்டு என்கிற சுரப்பிதான் உடம்பு எரிவதற்கு விறகு போடுகிறது. ரத்தத்தில் காவலுக்கு இருக்கும் வெள்ளணுக்கள் அதற்குள் வந்து குடியேறிவிடுகின்றன. ஏன் என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. சுரப்பி வீங்குகிறது, வீங்க வீங்க வேலை குறைகிறது. வீக்கத்தைப் பார்த்து அறுத்தால் மிச்சம் இருக்கிற கொஞ்சமும் போய்விடும். இது நாள்பட்ட தைராய்டு அழற்சி. எண் 254.

மருந்து, ஆட்டின் அதே சுரப்பியைக் காயவைத்துப் பொடித்துச் செய்த மாத்திரை. அதைக் கேட்டதும் எனக்குக் குமட்டியது. வீட்டில் முட்டை ஓடுகூட வந்ததில்லை. காந்திமதி மட்டி வாழைப்பழத்தை நறுக்கி நடுவில் மாத்திரையைச் செருகி, "கண்ண மூடிட்டு முழுங்குங்கோ. பழம்னு நெனச்சுக்கிடுங்கோ" என்றாள். பழமென்று நினைக்க முடியவில்லை. ஆனாலும் முழுங்கினேன். மூன்றாவது வாரம் காலுறையைக் கழற்றினேன்.

வீட்டுக்குப் போகும் நாள் பதிவறையில் கையெழுத்துப் போடச் சென்றேன். டாக்டரும் அங்கே இருந்தார். அந்த நான்கு பெண்களையும் தேடிப் பிடித்து மாத்திரை கொடுக்க வேண்டும், அத்தனை வருஷத்துக்குப் பிறகு எங்கே போய்த் தேடுவது என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எஸ்தர் என் பழைய பதிவேட்டைத் திறந்து அவர் முன் வைத்தாள். "சார் எழுதின விலாசம் இருக்கே, டாக்டர். மரம், கிணறு, மருமவ எல்லாம் இருக்கு. திருவனந்தபுரத்துலயும் இப்பிடி எழுதினத நான் கண்டதில்ல. இது இல்லேன்னா ஒருத்தியையும் கிட்டாது."

என் வேலையை அவள் டாக்டர் முன்னால் எடுத்துவைத்தாள். அவள் வேலையை நான் என்ன செய்தேன்? எரிச்சலில் எத்தனையோ வகை உண்டு என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. அவளுடைய எழுத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன், வேகத்தைப் பார்த்துப் பட்டேன். அந்த நிமிஷம் அவளுடைய மனசைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அதுதான் எல்லாவற்றையும்விடத் தாங்க முடியாமல் இருந்தது.

"டாக்டர், அந்த அட்டைகளைக் கட்டினது நான் இல்லை. இவங்க" என்றேன். புதிதாகத் திரும்பிய குரல் அறை முழுவதும் கேட்டது.

"தெரியும்" என்றார் டாக்டர். "பதினாலு வருஷமா உங்க கையெழுத்தைப் பார்க்கிறேன், ரைட்டர். எனக்குத் தெரியாதா?"

எஸ்தர் மைக்கூட்டுக்கு மூடி தேடிக்கொண்டிருந்தாள்.

நாற்காலி அவளுக்கே போயிற்று. எனக்கு ஒரு சைக்கிளும், வீட்டுக்குப் போன நோயாளிகளைத் தேடிப் பார்க்கும் வேலையும் கொடுத்தார்கள். நான்கில் மூன்று பேரைக் கண்டுபிடித்தேன். ஒருத்தி முந்தின வருஷமே இறந்திருந்தாள். புளியமரமும் கிணறும் நான் எழுதிய இடத்தில் அப்படியே இருந்தன. செல்லம்மையைப் பின்கட்டிலிருந்து அவள் அண்ணன் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தான்.

ஆறு மாதம் கழித்து ஒரு நாள் சைக்கிளை நிறுத்திவிட்டு வராந்தாவில் ஏறினேன். சன்னல் முன்னால் செல்லம்மை நின்றாள். முகத்து ஊதல் வற்றி, பழைய மூக்கும் முழியும் வந்திருந்தது. என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"அண்ணாச்சி, எனக்கு மந்தம்னு எழுதி வச்சது நீங்கதானே?"

"ஆமா, செல்லம்மை."

"எங்க, அதக் காட்டுங்கோ."

எஸ்தர் பதிவேட்டை எடுத்து, பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தாள். செல்லம்மைக்குப் படிக்கத் தெரியாது. "எது?" என்றாள். விரலை வைத்துக் காட்டினேன். அந்தச் சிறிய சொல்லை வெகுநேரம் பார்த்தாள்.

"இம்புட்டுதானா?" என்றாள். "அழியுங்கோ."

பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டப் போனேன். எஸ்தர் என் கையைத் தடுத்தாள். "சொரண்டக் கூடாது, சார். தப்பு தப்பாவே தெரியணும். குறுக்க ஒரு கோடு போட்டு, சரியானத எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போடுங்க."

கோடு போட்டேன். 253 என்று எழுதினேன். 'அழற்சி கண்ட சுரப்பியை அறுவையில் நீக்கியதால் உண்டான தளர்ச்சி. அறிவுக்குக் குறைவில்லை. முதலில் எழுதியது என் பிழை' என்று எழுதத் தொடங்கினேன். நானே கோடு போட்ட இரண்டு விரல் அகலக் கட்டத்தில் முதல் சொல்லுக்குமேல் இடம் இல்லை. மீதியை விலாசக் கட்டத்துக்குள் போய், அவள் வீட்டு வாசல் கிணற்றின்மேல் எழுதி முடித்தேன்.